செல்வி அக்காவின் கருவாட்டுக் குழம்பும் என் ஸ்டீம் லைனும்

தக்காளி சாஸ் கொதிக்கும் புளிப்பு வாசனை. அதற்கு நடுவே, பதினோரு மணி வாக்கில், மெல்லக் கிளம்பும் கருவாட்டுக் குழம்பு வாசனை...

அம்பத்தூர் எஸ்டேட்டில் என் முதல் வேலை அப்படித்தான் மூக்கில் பதிந்திருக்கிறது. சாஸும் ஜாமும் செய்கிற சின்ன கம்பெனி. பாய்லரிலிருந்து வரும் ஸ்டீம் லைன் பேக்கிங் ஹால் சுவரோரமாக இடுப்பு உயரத்தில் ஓடும். வெறுங்குழாய், தொட்டால் தோல் உரியும். அதன் மேல் ஒரு தகரத் தட்டைக் கட்டி, பேக்கிங் பெண்கள் சாப்பாட்டு டப்பாக்களை வரிசையாக அடுக்கிவிடுவார்கள். ஒரு மணிக்கு எல்லாருக்கும் சுடச்சுடச் சோறு.

நான் தேனிப் பக்கத்திலிருந்து வந்த புது மெயின்டனன்ஸ் இன்ஜினியர். ஆறு மாதம் ப்ரொபேஷன். "பாய்லர் குடிக்கிற ஆயிலைக் குறைச்சுக் காட்டும்மா, கன்ஃபர்ம் பண்றேன்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். முடியாவிட்டால் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அங்கே அப்பா மாப்பிள்ளை பார்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

விடுவேனா!

ஒழுகிய ஸ்டீம் ட்ராப்புகளை எல்லாம் மாற்றினேன். ஆவி குளிர்ந்து தண்ணீரானால் அந்தத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டு, ஆவியைப் பிடித்து வைப்பதுதான் ட்ராப்பின் வேலை. பிறகு குழாய் முழுக்க, சூட்டை வெளியே விடாத ராக்வூல் பஞ்சைச் சுற்றி, அலுமினியத் தகடு போட்டு மூடினேன். கையை வைத்தால் சுடவே இல்லை. அவ்வளவு பெருமை எனக்கு!

குறுக்கே இருந்த தகரத் தட்டையும் கழற்றி ஸ்கிராப்பில் போட்டேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை... புத்தி எங்கே போனதோ.

மாதக் கடைசியில் பார்த்தால் ஆயில் குறையவில்லை. கொஞ்சம் கூடியே இருந்தது! அடுத்த மாதமும் அதே கதை. மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"குழாய்க்கு சட்டை தைச்சுப் போட்டதுதான் மிச்சம். இந்த மாசத்தோட வேற வேலை பாத்துக்கம்மா."

கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு செல்வி அக்கா வந்தார். பேக்கிங் செக்‌ஷன், நசரத்பேட்டையிலிருந்து வருபவர். அவரே கான்ட்ராக்ட் ஆள்தான்.

"சார், அந்தப் பொண்ணை ஒண்ணியும் சொல்லாத. பின்னாண்ட வால்வைத் தொறந்து வுட்டது நான்தான்."

"எந்த வால்வு?"

"பாட்டில் கழுவுற எடத்தாண்ட கீதே, அது. பாப்பா குழாயை மூடிச்சா, சோறு ஜில்லுனு ஆயிடுச்சு. அதான் வால்வை லேசா தொறந்து, டப்புல ஆவி வுட்டு டப்பாவை வச்சுகினு கீறோம். காலைல தொறந்தா சாய்ங்காலந்தான் மூடுவோம். ஆயிலு இதுலதான் போவுதுன்னு சத்தியமா தெரியாது சார்."

அது ட்ராப்பைச் சுற்றிக்கொண்டு போகும் பைபாஸ் வால்வு. நாள் முழுக்க ஆவி நேராகச் சாக்கடைக்கு! பாட்டில் கழுவும் இடத்தில் எப்போதுமே வெந்நீர்ப் புகைதானே என்று நானும் எட்டிப் பார்க்கவில்லை.

"உன்னை இன்னிக்கே நிறுத்திடலாம், தெரியுமா?" மேனேஜர் முறைத்தார்.

"நிறுத்திக்கோ. அதுக்காக நான் செஞ்சதுக்கு இந்தப் பொண்ணு ஊட்டுக்குப் போவும், நான் வேடிக்கை பாக்கணுமா?"

எனக்கு அப்போதுதான் வாய் வந்தது. "தப்பு என்னோடது சார். கேக்காம தட்டைக் கழட்டுனது நான்தான். ஒரு மாசம் குடுங்க."

ட்ராப்பிலிருந்து வரும் வெந்நீரை வீணாக்காமல் பாய்லர் தொட்டிக்கே திருப்ப ஒரு லைன் போட்டோம். கொதிக்கும் அந்தத் தொட்டியின் மூடி மேலேயே டப்பா வைக்க ஒரு ஸ்டாண்ட். பைபாஸுக்குப் பூட்டு. ஆயில் குறைந்தது, சோறும் சுட்டது. நான் கன்ஃபர்ம் ஆனேன். அக்காவின் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இன்றைக்கு நான் பார்க்கிற பிளான்ட்டுகளில் ட்ராப்புக்கு ட்ராப் சென்சார் இருக்கிறது. எங்கே ஆவி வீணானாலும், வானகரம் ஃப்ளாட்டில் காபி குடிக்கும்போதே போனில் மெசேஜ் வந்துவிடும். நல்ல விஷயம், குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு அது என் கையில் இருந்திருந்தால், செல்வி அக்காவை முதல் நாளே நான் மாட்டிவிட்டிருப்பேன். சத்தியமாகச் செய்திருப்பேன்... அப்படி ஒரு பயம் எனக்கு.

அவரோ, யாருமே கண்டுபிடிக்காத தப்பைத் தானே வந்து சொல்லி என்னைக் காப்பாற்றினார். அன்றைக்கு அழுகையில் சொல்ல மறந்துவிட்டேன். நன்றி அக்கா.