ஜன்னலோரத் தராசு

எங்கள் தெருவிலிருந்து பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்க இடம் வாங்கிய முதல் பெண் என் தங்கை. இரண்டாம் ஆண்டில் ஆய்வகப் பரிசு. பட்டம் கைக்கு வராமலேயே, தராசுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் உரிமை. அவள் நிறுவனத்தில் அந்த உரிமை உள்ள மற்ற நால்வரும் பட்டதாரிகள்.

பட்டம் வராமல் போனதற்குக் காரணம் அவளுடைய துறைத்தலைவர். மூன்றாம் ஆண்டில் ஒரு சோதனைக்கு அவள் எழுதிய எடைகள் மற்றவர்களுடையதோடு ஒத்துப்போகவில்லை. ஜன்னலோரத் தராசின் மேசை ஆடுகிறது, அளவு நிற்கவில்லை என்று குறிப்பேட்டிலேயே எழுதியிருந்தாள். அவர் அதைப் படிக்கவில்லை.

"மில்லிகிராமுக்கு மல்லுக்கட்டுற ஆளைப் பாரு! விடுதியில உக்காந்து எழுதிட்டு வந்திருக்கா" என்றார், வகுப்பே கேட்க. அன்றிலிருந்து அவளுக்கு 'மில்லி' என்று பெயர். 'பொய் அளவு எழுதினேன், மன்னிக்கவும்' என்று தட்டச்சு செய்த கடிதத்தையும் நீட்டினார். கையெழுத்துப் போட்டால் படிப்பைத் தொடரலாம்.

அம்மா அழுதாள். நானும், "ஒரு கையெழுத்துதானேடி, போட்டுத் தொலை" என்றேன்.

"நான் எழுதினது பொய்னு நீயும் நம்புறியாக்கா?"

மறுநாள் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். படிப்பு முடிய ஐந்து மாதம்தான் இருந்தது.

தராசு பழுதுபார்க்கும் நிறுவனத்தில் எடைக்கற்களைத் துடைத்து அடுக்கும் வேலையில் சேர்ந்தாள். பிறகு சோதிக்கவும் கற்றாள். எட்டு வருடம் அவள் சோதிக்க, வேறொருவர் கையெழுத்திட்டார். தேர்வுகளை முடித்து உரிமை வந்த அன்று முதலாளி சோதிக்கப் போக வேண்டிய இடங்களின் பட்டியலைக் காட்டினார். அவள் பல்கலைக்கழகத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அவ்வளவு தூரமாம்மா? பஸ்ஸே ஒழுங்கா கிடையாது."

"நடந்தாவது போயிடுறேன் சார்."

அங்கே நடந்ததை நான் மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அதே ஜன்னல், அதே மேசை. துறைத்தலைவர் தலைக்குச் சாயம் பூசியிருந்தார். அவளை அடையாளம் தெரியவில்லை. தராசு தேறக் கூடாது என்று அவள் மனம் துடித்தது. அதனாலேயே அவசரப்படவில்லை. தராசை இயக்கி, அளவு நிலைப்பட ஒரு மணி நேரம் சூடாக விட்டாள். கையுறை போட்டு, இடுக்கியால் எடுத்து, ஒரே எடைக்கல்லைப் பத்து முறை வைத்தாள். யாராவது நடந்து போனாலே எண் மாறியது.

அவர் பக்கத்தில் வந்தார். "நாளன்னிக்கு லேப்புக்கு அனுமதி குடுக்க ஆய்வுக்குழு வருது. கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா. ஒரு கையெழுத்துதானே?"

"பொய் அளவு எழுத மாட்டேன் சார். அன்னிக்கும் எழுதல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ... அந்த மில்லியா?"

"ஆமா சார். மேசையை அன்னிக்கே மாத்தியிருக்கலாம்."

பின்னால் நின்ற மாணவர்களில் ஒருத்தி சிரிப்பை இருமலாக்கினாள். 'மேசை ஆடுவதால் அளவு தவறு' என்று தங்கை அறிக்கை எழுதி, பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக அவரைக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டார். அனுமதி ஒரு வருடம் தள்ளிப்போனது.

"மனசு ஆறிச்சாடி?" என்று கேட்டேன்.

"ஆறல. ஆனா நல்லா இருந்துச்சுக்கா."

தராசின் நெற்றியில் அவள் ஒட்டிய சிவப்புச் சீட்டின் நகல் என் அலமாரியில் இருக்கிறது. 'பயன்படுத்தக் கூடாது'. அதன் கீழே, சோதித்தவர் என்ற இடத்தில், முதன்முதலாக அவளுடைய முழுப்பெயர். 2019 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை.