கப்ராலுக்கு அடித்த மொட்டை

எங்கள் மாமாவின் நாய்க்கு மொட்டை அடிக்க வைத்தவன் நான்தான். அதற்காக இரண்டு பொய் சொன்னேன். ஒன்று சவரக்கடைக்காரரிடம், மற்றொன்று மாமாவிடம். ஒன்றாக உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த இருவர் முகம் பார்க்காமல் போனதற்கு அந்தப் பொய்கள்தான் காரணம்.

மாமா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சாதாரணச் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்று, பாகூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரோடு வந்துவிட்டவர். புதுச்சேரியை விட்டுப் பிரான்சுக்குக் கிளம்பிய ஒரு குடும்பம் தங்கள் நாயை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. ஏர்டேல் என்ற இனம். டெரியர் நாய்களிலேயே பெரியது. முதுகில் கறுப்புச் சேணம் போட்டதுபோல் இருக்கும்; காலும் முகமும் வெல்ல நிறம்; முகவாயில் தாடி. ஊர்க்காரர்கள் முதலில் அதை வெள்ளைக்காரன் ஊர் ஆட்டுக்கடா என்றே நினைத்தார்கள். பெயர் கப்ரால். சொல்தாவுக்கு மேல் பதவி அது. "நான் வெறும் சொல்தா. வூட்ல அவன்தான் ஆபீசரு" என்பார் மாமா.

இங்கிலாந்தில் ஏர் என்ற ஆற்றங்கரையில், ஆலைத் தொழிலாளிகள் நீர்நாய் பிடிப்பதற்காக உண்டாக்கிய இனம் அது என்று அவர்தான் சொன்னார். யுத்தத்தில் குண்டுகளுக்கு நடுவே சேதி சுமந்து ஓடிய இனம் என்றும் சொன்னார். கேட்ட மறுநாளே நாங்கள் கப்ராலை ஏரியில் இறக்கிவிட்டோம். அது கரையோரம் யாரோ ஊறவைத்திருந்த வேட்டியைக் கவ்விக்கொண்டு வந்து, மாமாவின் காலடியில் வைத்து வாலாட்டியது. வேட்டிக்காரர் வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார்.

கம்பிபோல் முரட்டு மயிர் அதற்கு. கத்தரிக்கவே கூடாது, முற்றிய மயிரை விரலால் இழுத்துப் பிடுங்க வேண்டும். கத்தரித்தால் பஞ்சாகிவிடும், கறுப்பு வெளுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா விரலில் சாக்பீஸ் தூள் தடவிக்கொண்டு பிடுங்குவார். தாடியில் ஒட்டிய சோற்றைத் துடைப்பார், காதுக்குள் உண்ணி பார்ப்பார். அப்போது சவரக்கடைக்காரர் எதிரில் குந்திக்கொண்டு, "இன்னா சொல்தா, என் பொழப்ப நீ எடுத்துக்கினியா?" என்று சீண்டுவார். "உன் கத்தி அவன்மேல பட்டா உன் வெரலு இருக்காது" என்பார் மாமா.

ஒரு பங்குனியில் கப்ராலுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அம்மா மாரியம்மனுக்கு மொட்டை வேண்டிக்கொள்வாள். கப்ராலுக்கு நானும் அதையே வேண்டினேன். டாக்டர் ஊசி போட்டார், கப்ரால் எழுந்தது. எழுந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நேர்ந்ததைக் கொடுக்காவிட்டால் ஆத்தா நாயைத் திரும்பக் கேட்பாளே!

மாமா பென்ஷன் வாங்கப் புதுச்சேரி போன நாளில், கப்ராலைச் சவரக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "மாமாதான் இவனுக்கு மொட்ட அடிக்கச் சொன்னாரு. வேண்டுதலாம்" என்றேன்.

கடைக்காரர் நம்பவில்லை. ஆனால் சாமி பெயரைச் சொன்ன பிறகு மறுக்கவும் துணியவில்லை. மிஷினை எடுத்தவர் நாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏன்டா, இவனுக்குத் தலமுடி எங்க முடியுது, ஒடம்பு முடி எங்க ஆரம்பிக்குது?" எனக்கும் தெரியவில்லை. கடன் பாக்கி இருக்கக் கூடாது என்று முழுக்க அடிக்கச் சொன்னேன். கடைசியில் சந்தனமும் பூசினோம். கப்ரால் மயிர்ப் பாரம் போன சுகத்தில் உடம்பை உதறிவிட்டு, தெருவில் குதித்து ஓடியது. ஊரே சிரித்தது.

மாமா சிரிக்கவில்லை. "யார்ரா செஞ்சது?" என்று கேட்டபோது அவர் குரலே மாறியிருந்தது. "வெயிலுக்கு நல்லதுன்னு சவரக்கடக்காரருதான் அடிச்சாரு" என்றேன்.

மாமா என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போய்ச் சத்தம் போட்டார். சவரக்கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "ஆமாம்பா, நான்தான் அடிச்சேன்" என்றார். அவ்வளவுதான். அன்றோடு பேச்சு நின்றது. வேறு கடைக்கும் போகாமல் மாமா தாடி வளர்த்தார்.

கப்ராலுக்கு மட்டும் அந்தச் சண்டை தெரியாது. அந்த மிஷின் தந்த சுகத்தை அது மறக்கவில்லை. தினமும் சவரக்கடைக்குப் போய் நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொள்ளும். மாமா எதிர் வேப்பமரத்தடியில் நின்று சீழ்க்கை அடிப்பார், கடைக்குள் வர மாட்டார். உள்ளே இருப்பவர் காலால் நாயை மெல்லத் தள்ளிவிடுவார்.

மாமா சொன்னபடியே மயிர் பஞ்சாக முளைத்தது. கறுப்பு சாம்பலானது. நானும் சாக்பீஸ் தூள் தடவிக்கொண்டு ஞாயிறுதோறும் பிடுங்கினேன். மழை தொடங்கியபோது அங்கங்கே கம்பி மயிர் எட்டிப் பார்த்தது. மாமா என் தலையைத் தடவி, "கெட்டிக்காரன்டா நீ" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் கப்ரால் வழக்கம்போல் கடையில் இருந்தது, மாமா மரத்தடியில். நான் கடை வாசலில் நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி இரண்டு பொய்யையும் அழுதுகொண்டே கத்தினேன்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மாமா என்னைத் தாண்டி உள்ளே போனார். நாற்காலியில் உட்கார்ந்தார். தலையைப் பின்னால் சாய்த்து, தாடியை உயர்த்தி, கழுத்தைக் காட்டினார்.

கத்தியைத் தீட்டிக்கொண்டே சவரக்கடைக்காரர் கேட்டார்: "இன்னா சொல்தா, இவ்ளோ நாள் கோவத்த வச்சிருக்கிறவன்கிட்ட கழுத்தக் காட்டுறியே, பயமா இல்ல?"

"நீ பாத்துச் செய்யி" என்றார் மாமா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். என்னை அடிக்கவும் மறந்து, மாமா சவரம் செய்துகொள்ளப் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் அங்கே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், சவரக்கடைக்காரரிடம் நானும் அன்றே கேட்டிருப்பேன்.