தண்ணீருக்கடியில் ஒரு பேக்கரி

கோல்ப் ஆட்டம் ஏழாவது குழிக்கு வந்ததும் நுஸ்கி நானா தோளில் கிடக்கும் பையை இறக்கி வைப்பார். ஆட வந்தவர் எந்த மட்டையால் அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்க, இவர் நீர்த்தேக்கத்தின் பக்கம் கையை நீட்டுவார். "சேர், அந்தா ஒத்த மரம் தெரியுதே, அதுக்கு நேரே தண்ணிக்குள்ள தான் எங்கட வாப்பாட பேக்கரி ஈக்கிது." முன்பு இருந்தது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

விக்டோரியா அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது பழைய தெல்தெனிய மூழ்கியது. சனங்கள் புது நகரத்துக்குப் போனார்கள். நானாவுக்கு அப்போது பதினான்கு வயது. பிறகு கரையோரத்தில் கோல்ப் மைதானம் வந்தது. ஆடுகிறவர்களின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பவரைக் கெடி என்பார்கள். இருபத்தைந்து வருடமாக நானா அங்கே கெடி. நான் ஒன்பதாவது குழிக்குப் பக்கத்துக் கொட்டிலில் தேத்தண்ணி ஊற்றுகிறேன்.

மெலிந்த, உயர்ந்த மனிதர். எந்த வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்ற மாட்டார். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டுதான் பிளேன்டீ குடிப்பார். பந்து தண்ணீரில் விழுந்தால் வட்டம் அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போஸ்ட் ஒபிசுக்குப் போயிட்டு" என்பார். கொஞ்சம் தள்ளி விழுந்தால், "ஸ்கூல் கூரையில." கொழும்புக் கனவான்கள் முழிப்பார்கள்.

ஜீவன் என்று இன்னொரு கெடி இருக்கிறார். கொட்டிலுக்குள் வரும்போதே கேட்பார்: "என்ன நானா, இன்னைக்குப் பாண் சூடா இருக்கா?"

"ஈக்கிது, ஈக்கிது. ஒனக்குத் தான் நீந்தத் தெரியாதே."

இந்த வருடம் மழை பொய்த்தது. தண்ணீர் கீழே கீழே போய், ஒரு நாள் சேற்றுக்கு மேலே சுவர்க்கட்டுகள் தெரிந்தன. அந்த ஒற்றை மரத்துக்கு நேரே ஒரு செங்கல் குவியல். நானாவுக்கு அன்று வேலை ஓடவில்லை. "தங்கச்சி, போரணை! எங்கட போரணை!" என்று என்னிடம் மூன்று தரம் சொன்னார். பாண் சுடுகிற அடுப்பைத்தான் சொன்னார்.

அக்குறணையில் இருக்கும் அவருடைய அக்கா ஸுலைஹா ராத்தாவுக்கு எழுபது வயது. ஊர் மூழ்கிய பிறகு அவர் நீர்த்தேக்கத்தின் பக்கம் வந்ததே இல்லை. நானா எப்படியோ கெஞ்சி அழைத்து வந்தார். சரிவில் இறங்க ஒரு பெண் துணை வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார். த்ரீவீலில் நீர்த்தேக்கத்தைச் சுற்றி மறுகரைக்குப் போய் இறங்கினோம். ராத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டார். கிளப்பின் பெரிய குடையை நானா அவருடைய தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, "பாருங்க ராத்தா, நான் சொன்னது சரி தானே?" என்று கேட்டபடியே நடந்தார்.

ராத்தா செங்கல் குவியலைப் பார்த்தார். "இதில்லடா. இது அரிசி மில்."

"ஒங்களுக்கு மறந்துட்டு ராத்தா."

"எனக்கா? மாப் பிசைய விடிய முந்தித் தண்ணி அள்ளினது நான். நீ கடைப்பக்கம் வந்தா தானே தெரியும். எந்நேரமும் ஆத்துல தானே கெடந்த!"

சொல்லிவிட்டு நேரே கிணற்றுக்கு நடந்தார். அதன் வளையம் மட்டும் மிஞ்சியிருந்தது. அங்கிருந்து வாய்க்குள் எண்ணிக்கொண்டு இருபத்திரண்டு அடி வைத்தார். முழங்கால் உயரத்தில் ஒரு செங்கல் வளைவு நின்றது. "கையை வெச்சுப் பாரு."

நானா உட்புறத்தைத் தடவினார். நாற்பது வருடத் தண்ணீருக்குப் பிறகும் அடுப்புக் கரியில் விரல் கறுத்தது. அவர் திரும்பி, மைதானம் இருந்த கரையைப் பார்த்தார். பிறகு ஒற்றை மரத்தைப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் வந்தவன் போனவனுக்கெல்லாம் நான் மில்லையா காட்டின?"

"மில் முதலாளிக்கு அது தெரிஞ்சா சந்தோசப்படுவாரு" என்றார் ராத்தா. சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை. என் தோளை விட்டுவிட்டு, சேற்றில் ஒரு வரிசை கல்லாக மிஞ்சியிருந்த முன்சுவரைத் தாண்டிப் போய் நின்றார். "வா நுஸ்கி. ஏன் வெளிய நிக்கிற?"

நானா கல் வரிசைக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். தலைக்கு மேலே வெறும் வானம். கொளுத்துகிற வெயில். அவர் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளே போனார்.