குள்ளம்மாள் என்று யாரும் இல்லை

எங்கள் ஊர்க்காரர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். போலீஸ் கேட்டால் மட்டும் உண்மை சொல்ல மாட்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் பென்னாகரத்திலிருந்து எங்கள் பெரியாண்டிக் கொட்டாய்க்கு வரும் மினி பஸ்ஸில் ஏறவே வேண்டாம்.

காட்டை ஒட்டிய ஊர் இது. விறகு பொறுக்கப் போனவனையும் தேடி வருவார்கள், ஆடு காட்டுக்குள் ஓடிவிட்டால் ஆட்டுக்காரனையும் தேடி வருவார்கள். அதனால் சட்டையை இன் பண்ணி, பழுப்பு ஷூ போட்டு, பைக்கில் வந்து இறங்கி யாராவது ஒரு பேரைச் சொல்லி விசாரித்தால், அந்தப் பேருக்குரியவர் அந்த நிமிஷமே ஊரில் இல்லாமல் போய்விடுவார். "அப்படி யாரும் இல்லீங்களே" என்பதுதான் நாங்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் பெரிய மரியாதை. தேடப்படும் ஆள் அதே டீக்கடை பெஞ்சில் வடை தின்றுகொண்டிருந்தாலும் இதே பதில்தான். வடை தின்பவரும் சேர்ந்து "இல்லீங்களே" என்பார்.

இந்த மரியாதையை ஊர் குள்ளம்மாள் அக்காவுக்கும் செய்தது. அதில்தான் அவள் மாட்டிக்கொண்டாள்.

பெயர்தான் குள்ளம்மாள். எந்த வீட்டு வாசலிலும் குனியாமல் நுழைய முடியாத உயரம். குரல் அதைவிட உயரம். அவள் கொல்லையில் நின்று தனக்குத்தானே பேசிக்கொண்டால் பூபதியின் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் பதில் சொல்வார்கள். கணவர் நாகன் காலமான பிறகு, மலையடிவாரத்தில் இருக்கும் இரண்டு ஏக்கர் மானாவாரிக் கொல்லையை ஒற்றை ஆளாகப் பார்த்துவருகிறாள். ஆடிக்கு முன்பே உழுது, மழை பார்த்து நிலக்கடலை போடுவாள்; எங்கள் பேச்சில் கல்லக்கா. ஒரே மகள் மேனகாவுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே குடும்பம்.

போன வருஷம் விதைத்தது அக்கா, தின்றது காட்டுப்பன்றி. ஒரு கூடை கடலைகூட வீடு வந்து சேரவில்லை. கொல்லையில் காவல் பரண் போட்டு, தகர டப்பா தட்டி, பட்டாசு கொளுத்தி எல்லாம் பார்த்தாள். டப்பா சத்தத்துக்குப் பன்றிகள் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடியும் தின்னத் தொடங்கின. கடைசியில் பரணிலிருந்து இறங்கும்போது அக்கா விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஓசூரிலிருந்து பிள்ளையோடு ஓடிவந்த மேனகா ஒரே அழுகை.

"இந்த வருசமும் கல்லக்கா பன்னிக்கே போச்சுன்னா, கொல்லையைக் குத்தகைக்கு உட்டுட்டு உன்கூடவே வந்துடறன்டி. போதுமா?" என்று பேத்தியின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டாள் அக்கா. வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கு மகள் வீடு ஞாபகம் வந்தது. ஓசூர் வீடு இரண்டாவது மாடி. அங்கே ஒரு முறை அவள் பேத்தியைச் சாப்பிடக் கூப்பிட்டதற்கு மேல்வீட்டுக்காரர் இறங்கிவந்து என்ன சண்டை என்று கேட்டிருக்கிறார். கூடை நிறைய மண்ணும் வாய் நிறையப் பேச்சுமாக வாழ்ந்தவளை அந்த வீட்டில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆவாள்? அவளுக்கு அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

பயிரைக் காக்கத் துப்பாக்கி உரிமம் தருவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தாள். சேலத்தில் ஒரு கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த துப்பாக்கியையும் பார்த்துவிட்டு வந்தாள். "சும்மா வானத்தைப் பாத்துச் சுடத்தாங்க. அந்தச் சத்தத்துல ஓடிப்போயிரும்" என்று கடைக்காரரிடம் விளக்கினாள். அவர் அவள் குரலைக் கேட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து, "முதல்ல லைசென்ஸ் வரட்டும்மா. போலீஸ் விசாரிச்சு ரிப்போர்ட் குடுப்பாங்க, அப்புறம்தான் தொட்டே பாக்கலாம்" என்றார்.

இதில் ஒரு வார்த்தைகூட அவள் ஊரில் சொல்லவில்லை. ஊருக்கே கேட்கிற குரலை வைத்துக்கொண்டு ஒரு ரகசியத்தை எப்படிக் காப்பாற்றினாள் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான். காரணம் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். அவள் வாங்கிய கடப்பாரை பச்சியப்பன் வீட்டில் இருக்கிறது. மருந்தடிக்கும் ஸ்பிரேயர் யார் வீட்டில் என்று யாருக்கும் தெரியாது. துப்பாக்கி வருகிறது என்று தெரிந்தால், "ரெண்டு நாளைக்குக் குடுக்கா" என்று வரிசையில் நிற்பார்கள். வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டாள்.

விசாரணைக்கு வந்தவர் ஏட்டு மாதவராஜ். இன் பண்ணிய சட்டை, பழுப்பு ஷூ, பைக். டீக்கடையில் இறங்கி, "இங்க குள்ளம்மாள், நாகன் சம்சாரம், வூடு எது?" என்றார்.

பூபதி டீ ஆற்றும் கையை நிறுத்தவில்லை. "அப்படி யாரும் இல்லீங்களே சார்."

"பெரியாண்டிக் கொட்டாய்தானே இது?"

"ஆமாங்க. ஆனா அந்தப் பேர்ல யாரும் இல்லீங்க."

அப்போது கொல்லையிலிருந்து குள்ளம்மாள் யாருடைய மாட்டையோ திட்டும் சத்தம் கணீரென்று கேட்டது. "அது யாரு?" என்றார் ஏட்டு. "ரேடியோங்க" என்றான் பூபதி. அக்காவுக்கு என்ன கேஸோ, பாவம், தன்னால் முடிந்தது என்று அன்று முழுக்க அவனுக்கு மனநிறைவு.

நல்ல அதிகாரி அவர். இன்னொரு முறையும் வந்தார். இந்தத் தடவை பூபதியை நம்பாமல், ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பச்சியப்பனிடம் கேட்டார். பச்சியப்பன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. இல்லை என்றால்தானே திரும்பத் திரும்ப வருவார்கள்? "அந்தம்மா செத்துப்போச்சுங்க" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல மனுஷிங்க. வாய்தான் கொஞ்சம் நீளம்."

ஆக, நிலக்கடலை பூவெடுத்து, காய் பிடிக்க ஆரம்பித்தபோது மனு என்ன ஆச்சு என்று கேட்கப்போன அக்காவிடம், ஆபீசில் இருந்த பெண் பேப்பரைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மனுதாரர் இறந்துட்டதா போலீஸ் ரிப்போர்ட் வந்திருக்கும்மா. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

அன்று மாலை மினி பஸ் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே அக்காவின் குரல் நுழைந்துவிட்டது.

"எவன்டா என்னைக் கொன்னது?"

வேறு வழியில்லாமல் டீக்கடை முன் நின்று துப்பாக்கி மனுவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். பூபதிக்கு முகம் செத்துவிட்டது. "மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாக்கா? நாங்க உன்னைக் காப்பாத்தறோம்னு நெனச்சோம்" என்றான். பச்சியப்பன், "செத்துட்டான்னு சொன்னாலும் நல்ல மனுஷின்னும் சொன்னேம்மா" என்று தன் பக்கத்து நியாயத்தை எடுத்துவைத்தார். இனிமேல் அந்தப் பழுப்பு ஷூ வந்தால் கையைப் பிடித்து நேரே அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போவது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள்.

ஆனால் அவர் வரவில்லை. செத்தவளைப் பார்க்க யார் வருவார்கள்? புதிதாக மனுக் கொடுத்தாலும் விசாரணைக்கு நாளாகும் என்றார்கள். பன்றிகள் அவ்வளவு நாள் பொறுக்கவில்லை. ஒரு காலையில் போய்ப் பார்த்தபோது கொல்லையின் கீழ்ப்பாதி உழுதுபோட்ட மாதிரி கிடந்தது. செய்தி தெரிந்து மேனகா ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினாள்.

"பாதி போச்சுன்னா பாதி இருக்குன்னு அர்த்தம்டி."

"மீதிப் பாதிக்கு நீ பரண்ல ஏறி விழுவ. நான் ஆஸ்பத்திரியில ஒக்காரணும். சத்தியம் பண்ணுன இல்ல? கெளம்பும்மா" என்று மேனகா அம்மாவின் சேலைகளை மடித்து அடுக்கத் தொடங்கினாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. அம்மா விழுந்த சேதி வந்த ராத்திரியை அவள் மறந்தால்தானே?

அக்கா கொல்லைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள். விசாரணைக்கு வராதவர்கள் எதற்கு வருவார்கள் என்று யோசித்து, நூறுக்குப் போன் போட்டாள்.

குரலைத் தன்னால் முடிந்த மட்டும் இறக்கி, "சார், பெரியாண்டிக் கொட்டாய்ல குள்ளம்மாள்னு ஒரு பொம்பள, லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருக்குதுங்க. பயமா இருக்குதுங்க" என்றாள்.

"சரிம்மா. எதுக்குக் கத்தறீங்க?" என்றார் எடுத்தவர்.

இந்தத் தடவையாவது ஊரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அது குள்ளம்மாளா?

மனுவுக்கு பைக், இதற்கு ஜீப். அதுவும் பறந்து வந்தது. இறங்கியவர் அதே மாதவராஜ், இப்போது காக்கியில். "குள்ளம்மாள்னு ஒரு அம்மா துப்பாக்கி வச்சிருக்காங்களாமே, எங்கய்யா?"

பூபதி டீ ஆற்றும் கையை நிறுத்திவிட்டான். லைசென்ஸ் கிடைக்காத கோபத்தில் அக்கா எங்கேயோ நாட்டுத் துப்பாக்கி வாங்கிவிட்டாள் என்றே நினைத்துவிட்டான். பழுப்பு ஷூவுக்குக் கொடுத்த வாக்கெல்லாம் காக்கியைப் பார்த்ததும் பறந்துபோனது.

"குள்ளம்மாளா? அந்தம்மாதான் செத்துப்போச்சே சார். நீங்களே ரிப்போர்ட் எழுதுனதா சொன்னாங்களே!"

மாதவராஜ் ஒரு நிமிஷம் யோசித்தார். தான் எழுதியதைத் தானே எப்படி மறுப்பது? "அதானே" என்று சொல்லிவிட்டு ஜீப்பைத் திருப்பச் சொன்னார்.

கொல்லையிலிருந்து ஜீப் திரும்புவதைப் பார்த்த அக்காவுக்கு உயிரே போய்விட்டது. கையில் பிடுங்கிய கடலைச் செடியோடு, இடுப்பு வலியையும் மறந்து ஓடிவந்தாள்.

"இருக்கேன்! சார், இருக்கேன்! குள்ளம்மா இருக்கேன்!"

அந்தக் குரலுக்கு டிரைவர் தன்னை அறியாமல் பிரேக்கை மிதித்துவிட்டார். பச்சியப்பன் கடைசி முயற்சியாக, "அது வேற குள்ளம்மாங்க சார்" என்றார். "நீ வாயை மூடுண்ணா!" என்று அக்கா போட்ட சத்தத்தில் அவருடைய ஆடுகள் நாலு பக்கமும் சிதறின.

மாதவராஜ் ஆதாரைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடியும் ஆதாரைப் பார்த்தார். வீட்டைச் சோதித்ததில் நெளிந்த தகர டப்பா, ஒரு டார்ச், போன தீபாவளிக்கு வாங்கி நமுத்துப்போன பட்டாசு, மேனகா கட்டிவைத்திருந்த பை. துப்பாக்கி இல்லை. "அப்போ போன் பண்ணுனது யாரு?" என்று ஸ்டேஷனில் கொடுத்த நம்பரை அடித்தார். அக்காவின் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பைக்குள்ளிருந்து செல்போன் முனியப்பன் சாமி பாட்டைப் பாடியது.

டீக்கடைக் கூட்டம் முழுக்க வேறு பக்கம் பார்த்தது. மாதவராஜ் மட்டும் அவளையே பார்த்தார். பொய்ப் புகார் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா என்று அதட்டினார். அதட்டலின் நடுவிலேயே அவர் மீசை துடித்தது.

"வேற என்னங்க பண்றது? உசுரோட இருக்கறேன்னு சொன்னா யாரும் வரலை. துப்பாக்கி வச்சிருக்கறேன்னு சொன்னதும் வந்துட்டீங்க."

மாதவராஜ் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். வீட்டு வாசலில் கிடந்த உரலில் உட்கார்ந்து, அங்கேயே விசாரணையை முடித்துவிடலாம் என்றார்.

"எதிரிங்க யாராச்சும் உண்டா?"

"பன்னிங்கதாங்க."

"வூட்ல ஆயுதம் எதுவும் இல்லை. அது இப்பத்தான் நானே பாத்தேன்." எழுதிக்கொண்டார். "இது மேல போகணும், ஃபாரஸ்ட்காரங்க சொல்லணும். இன்னும் நாளாகும். சரி, நீங்க நிரந்தரமா இங்கதான் இருப்பீங்களா?"

அக்காவின் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊரில் அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை. அவள் அந்தப் பையைப் பார்த்தாள், மேனகாவைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். கையிலிருந்த செடியின் வேரில் இரண்டு கடலைகள் மட்டும் தொங்கின.

அம்மா இப்படி நிற்பதை மேனகா பார்த்ததே இல்லை. ஜீப்புக்குப் பின்னால் அவள் ஓடிவந்ததையும் வாசலில் நின்று பார்த்திருந்தாள்.

"பச்சியப்ப மாமா," என்றாள், அழுகையை அடக்கிக்கொண்டு. "எங்கம்மா செத்துட்டாங்கன்னு சொன்னது நீங்கதானே? இல்லவே இல்லைன்னது பூபதி மாமா. லைசென்ஸ் வர்ற வரைக்கும் நீங்க ரெண்டு பேருந்தான் பரண்ல படுக்கறீங்க. எங்கம்மா ஏறக்கூடாது. சரிங்களா?"

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஏட்டய்யா முன்னால் வேறென்ன செய்வது?

"அப்போ எழுதிக்குங்க சார்" என்றாள் மேனகா. "இங்கதான் இருப்பாங்க. அழிக்க முடியாத மாதிரி எழுதிக்குங்க."

ஜீப் போய்ப் புழுதி அடங்கிய பிறகு அக்கா மகளின் பக்கத்தில் வந்து நின்று, அவளுக்கு வந்த மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "ஏன்டி, கொழந்தை தலையில அடிச்ச சத்தியம் என்னாவறது?"

மேனகா பையைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். "அது செத்துப்போச்சே, அந்தக் குள்ளம்மா பண்ணுன சத்தியம்" என்றாள். "நீ வேற."

அக்கா சிரித்தது ஏரிக்கரை வரைக்கும் கேட்டது.