பானட்டுக்குள் பொரி

பக்கத்து வீட்டுச் செல்விக்கு விடியும்போதே பிரசவ வலி வந்துவிட்டது. அவள் புருஷன் நிலக்கரி மைன்ஸில் ஷிஃப்டில் இருந்தான். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில், எங்கள் தெருவில் இருப்பது என்னுடைய பழைய கார் ஒன்றுதான். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை.

பானட்டைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. ஆயுத பூஜைக்கு இன்ஜின் மேல் பொரி வைத்துப் படைத்தவன் நான்தான். அதை எடுக்கவுமில்லை, பிறகு வண்டியை ஓட்டவுமில்லை. பொரிக்கு வந்த எலி, இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் காயிலுக்குப் போகும் ஒயரைக் கடித்துத் துண்டாக்கிவிட்டு அங்கேயே செத்து ஊறிக் கிடந்தது. புழு நெளிந்தது. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்வி கத்தினாள்.

"எலியப் பாத்தே வாந்தி எடுத்துகினு நிக்கிறியேண்ணே! வழியில எனக்குப் பொறந்துட்டா என்னா பண்ணுவ?"

மூச்சை அடக்கிக்கொண்டு வெறும் கையால் எலியை எடுத்தேன். பிய்ந்து பிய்ந்து வந்தது. அதே கையோடு ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றினேன். வண்டி பிடித்தது.

நெய்வேலி டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவியும் என் கை நாறுவது போலவே இருந்தது. குழந்தையை நீட்டினார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கழுவிட்டல்ல? புடிண்ணே" என்றாள் செல்வி.

வாங்கினேன். அப்போதும் குமட்டியது.

இன்றும் எலி என்றால் குமட்டத்தான் செய்கிறது. ஆனால் குமட்டல் நின்ற பிறகு செய்யலாம் என்று இப்போது நான் எதற்கும் காத்திருப்பதில்லை.