மஞ்சள் செம்பருத்தியின் தூசி

இதற்கெல்லாம் ஒரு பதிவா என்று கேட்பவர்கள் மன்னிக்க வேண்டும். நேரில் வாய் திறக்காததால்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்காள்மடத்தில் எங்கள் வாசலில் நிற்கும் சிவப்புச் செம்பருத்தி எந்த உப்புக் காற்றையும் தாங்கும். அதே போலத் தாங்குகிற மஞ்சள் செம்பருத்தியை உருவாக்க வேண்டும் என்பது என் ஆசை. மஞ்சள் பூவின் மகரந்தத்தைச் சிவப்புப் பூவில் தடவி, அதில் விளையும் விதையை முளைக்க வைக்க வேண்டும்.

உத்தரகோசமங்கைத் தோழி வீட்டில், பல வாரம் காத்திருந்து கிடைத்த ஒரே மஞ்சள் பூவை இன்று டிபன் டப்பாவில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்தேன். வாடிவிட்டதா என்று திறந்து பார்த்தது தப்பு.

"ஏத்தா, வயசுப்புள்ள பூவ டப்பாக்குள்ள வச்சுக்கிட்டு வெறுந்தலையா வாரியே," என்றார் பக்கத்து இருக்கை அக்கா.

பூவை எடுத்தவர், "என்னத்தா இம்புட்டுத் தூசி" என்று ஜன்னல் கம்பியில் தட்டினார். ஊதியும் விட்டார். என் மகரந்தம் பாம்பன் பாலத்தில் கடலோடு போனது.

பிறகு பூவை என் சடையில் செருகி, "இப்பத்தான் லட்சணமா இருக்க" என்றார்.

"நன்றிக்கா" என்றேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான் சொன்னது அவ்வளவுதான்.

யார் வீட்டிலாவது மஞ்சள் செம்பருத்தி பூத்தால் எனக்கு ஒன்று தருவீர்களா? தூசி தட்டாமல்.