கேட்டில் முகம் பார்த்தவர்

திருவிடந்தையில் கடலோரம் நாங்கள் வில்லாக்கள் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டில் ஒரு காவலாளி இருந்தார். மெலிந்த உடம்பு, உப்புக்காற்றில் வெளுத்த நீலச் சட்டை. ஆதாரைச் சரிபார்க்காமல் யாரையும் வேலைக்கு விடக்கூடாது என்பது உத்தரவு. அவர் ஒவ்வொரு அட்டையையும் வாங்கி, வந்தவரின் கன்னத்தருகே பிடித்து, கடலைப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்ப்பார். முகம் ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒருநாள் காலையில், காவலாளிகளையும் சரிபார்க்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. அவரிடம் சொன்னேன். கடல்மேல் பனி இன்னும் விலகவில்லை. அவர் என் பைக் கண்ணாடி முன் குனிந்து, தன் அட்டையைத் தன் கன்னத்தருகே பிடித்துக்கொண்டார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இன்னா சார், இது நான் இல்ல போல கீதே."

"பழைய போட்டோண்ணே. உங்கள எனக்குத் தெரியாதா? போய் உக்காருங்க."

"நேத்து ஒருத்தரு இதையேதான் சார் சொல்லிக் கெஞ்சினாரு. நான் உள்ள வுடலியே."

அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து பனியில் மறைந்தார். பிறகு வரவேயில்லை.

மறுநாள் கேட் திறந்தே கிடந்தது. வேலைக்கு வந்தவர்கள் யாரும் உள்ளே நுழையவில்லை. காலி நாற்காலியின் முன்னால், அட்டையைக் கன்னத்தருகே பிடித்தபடி வரிசையாக நின்றிருந்தார்கள்.